பயமுறுத்தாத பாலங்கள்

உலகத்திலேயே பயங்கரமான பாலங்கள் என்றொரு பட்டியல் வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது ஒருவர் மூலம் நம் கைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. பாகிஸ்தானில் ஹுன்சா பள்ளத்தாக்கில் உள்ள ஹுசைனி தொங்குபாலம் அதில் தவறாமல் இருக்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே காலை எங்கே வைப்பது என்று தேட வேண்டும். சீனாவில் சாங்ஜியாஜியே என்ற இடத்தில் 2016-இல் திறந்த கண்ணாடிப் பாலம் இருக்கும். பாதத்துக்குக் கீழே சுமார் 300 மீட்டருக்கு வெறும் காற்று. கொலராடோ மாநிலத்து ராயல் கார்ஜ் பாலம், வான்கூவர் பக்கத்துக் கபிலானோ தொங்குபாலம் இவற்றுக்கெல்லாம் நம்மில் பலர் குழந்தைகளோடு போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறோம். நம் நாட்டின் சார்பில் பாம்பன் பாலம் இடம் பெறும்.

இந்தப் பட்டியலைப் படிப்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால் பயம் என்பது ஆபத்து எங்கே இருக்கிறது என்று சரியாகக் காட்டிக்கொடுக்கும் என்ற எண்ணத்தை இது நம் மனதில் ஊன்றிவிடுகிறது. அதைத்தான் நான் மறுக்கிறேன். மனிதன் உயரத்துக்குப் பயப்படுகிறான், ஆட்டத்துக்குப் பயப்படுகிறான். பயப்படுவதால் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறான், மெதுவாகப் போகிறான், நிர்வாகமும் காவல் போடுகிறது. மேரிலாண்டில் செசபீக் வளைகுடாப் பாலத்தைக் கண்டு நடுங்குகிறவர்களுக்காக, காசு வாங்கிக்கொண்டு அவர்கள் காரை ஓட்டிக்கொண்டுபோய் அக்கரையில் விடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். மிச்சிகனில் மாக்கினா பாலத்தில் பால நிர்வாகமே அந்த உதவியைச் செய்கிறது. பயத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கிறது. பயமே தராத பாலத்துக்கு என்ன கிடைக்கிறது?

அப்படிப்பட்ட ஒரு பாலத்தைத்தான் சொல்ல வந்தேன். அது திருச்சானூரில் இருந்தது.

திருச்சானூரை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. திருமலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு அலர்மேல்மங்கைத் தாயாரைப் பார்க்காமல் திரும்பினால் யாத்திரை முழுமையாகாது என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வளர்த்த விஷயம். திருப்பதியிலிருந்து ஐந்து கிலோமீட்டர்கூட இராது. கோயில், குளம், கடைவீதி, மஞ்சள் குங்குமம் இவை நினைவிருக்கும். ஊரை ஒட்டி ஓடுகிற ஆறு எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அதுதான் சுவர்ணமுகி. கண்ணப்ப நாயனார் கதையில் பொன்முகலி என்று வருகிறதே, அதே ஆறு. காளத்திக்குப் போகும் வழியில் திருப்பதிக்குத் தெற்கே இப்படி ஓடிவிட்டுப் போகிறது. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அதில் தண்ணீரைவிட மணலும் முட்செடியும்தான் அதிகம். காரில் போகிறவர்கள் பாலத்தைக் கடந்தோம் என்பதைக்கூட உணர மாட்டார்கள். ஆறு என்று சொன்னால் குழந்தைகள், “எங்கே தண்ணீர்?” என்று கேட்பார்கள்.

2021 நவம்பர் 18, 19 தேதிகளில் அந்த ஆறு வேறு மாதிரி இருந்தது. வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 19-ஆம் தேதி அதிகாலை சென்னைக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. திருவண்ணாமலையில் தீபம் ஏற்றும் நாள் அது. மழை சேஷாசலம் மலைமேல் கொட்டித் தீர்த்தது. திருமலைக்குப் போகும் மலைப்பாதைகள் மூடப்பட்டன. ஸ்ரீவாரி மெட்டுப் படிக்கட்டு வழி அடியோடு சேதமாகி, அதைச் சீர்செய்து மீண்டும் திறக்க மறு வருடம் மே மாதம் ஆயிற்று. கல்யாணி அணையிலிருந்து திறந்துவிட்ட நீரும் சுவர்ணமுகியில் சேர்ந்தது. திருச்சானூரையும் பாடிப்பேட்டையையும் இணைத்த பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் கொண்டுபோயிற்று. கரையோரத்தில் ஒரு புது வீடு அப்படியே சாய்ந்து ஆற்றுக்குள் விழுந்த காட்சியைத் தொலைக்காட்சியில் உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அந்த வீட்டைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு அந்தப் பாலத்தின் நினைவே மேலோங்கி நின்றது. எத்தனை டாக்சிகள், எத்தனை ஆட்டோக்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய எத்தனை வண்டிகள் அதன்மேல் ஒரு விநாடிகூட யோசிக்காமல் போயிருக்கும்!

ஆறு எப்படிப் பாலத்தைத் தின்கிறது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். வெள்ளம் மேலே மோதித் தள்ளிவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மெரினாவில் அலை வடியும்போது ஈர மணலில் நின்றிருக்கிறீர்கள் அல்லவா? குதிகாலுக்குக் கீழே இருக்கும் மணல் பொலபொலவென்று கரைந்து, கால் தானாகப் பின்பக்கம் சரியும். பாலத்தின் தூணுக்கு நடப்பதும் அதுவே. தூணில் மோதிய நீர் கீழ்நோக்கிப் பாய்ந்து சுழன்று அடிமணலைத் தோண்டி எடுக்கிறது. குழி அஸ்திவாரத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் மேலே எவ்வளவு சிமெண்ட் இருந்தாலும் பயன் இல்லை. இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. வெள்ளம் வடியும்போது அதே ஆறு மணலைக் கொண்டுவந்து குழியை மூடிவிடுகிறது. மறுநாள் வந்து பார்க்கிறவர் கண்ணுக்குத் தரை சமமாக இருக்கும்; ஆனால் புதிதாக வந்து படிந்த அந்த மணலுக்குப் பழைய பிடிப்பு கிடையாது. ஆற்றில் மணல் அள்ளுகிறவர்கள் செய்வதும் இதே வேலைதான். ஆறு வெள்ளத்தன்று மட்டும் செய்கிறது, இவர்கள் தினமும் செய்கிறார்கள்.

இது ஏழை நாட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடையின்மேல் சென்ற நெடுஞ்சாலைப் பாலம் 1987 ஏப்ரல் 5-ஆம் தேதி இப்படித்தான் விழுந்தது. வசந்தகால வெள்ளத்தில் தூணின் அடிமண் அரிக்கப்பட்டு, 10 பேர் இறந்தார்கள். உயரமும் இல்லை, ஆட்டமும் இல்லை. மணிக்கு அறுபது மைல் வேகத்தில் காப்பி குடித்துக்கொண்டே கடக்கிற சாதாரணப் பாலம். அதற்குப் பிறகுதான் தண்ணீருக்கடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதை இந்த நாட்டில் ஒரு கட்டாய வேலையாக ஆக்கினார்கள். அதற்கும் முன்னால், 1967 டிசம்பரில் ஓஹையோ ஆற்றின்மேல் சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தபோதுதான், நாடு முழுவதும் பாலங்களை முறை வைத்துச் சோதிக்க வேண்டும் என்ற விதியே வந்தது. இங்கேயும் உயிர் போன பிறகுதான் புத்தி வந்திருக்கிறது. ஆனால் வந்த புத்தி தங்கியது. நம் ஊரில் விசாரணைக் குழு அமைத்ததோடு செய்தி முடிந்துவிடுகிறதோ என்பது என் சந்தேகம்.

திருச்சானூர்ப் பாலமாவது கண்ணுக்குத் தெரியும் பாலம். இன்னும் சாதுவான ஓர் இனம் உண்டு. அதுதான் தரைப்பாலம்.

தரைப்பாலம் என்ற சொல்லை இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். ஆற்றுப் படுகையை ஒட்டியே, அடியில் சில குழாய்களை வைத்துப் போட்ட சாலை. வருடத்தில் பதினோரு மாதம் வறண்டு கிடக்கும் ஆற்றுக்குக் கோடிக்கணக்கில் செலவழித்து உயரமான பாலம் எதற்கு என்ற கணக்கில் பிறந்தது. கெட்டிக்காரத்தனமான கணக்குதான். வெள்ளம் வந்தால் மூழ்க வேண்டும் என்றே அது கட்டப்படுகிறது. பக்கச் சுவர் இல்லாமல், முழங்கால் உயரத்தில் கற்கள் மட்டும் நட்டிருப்பதும் காரணத்தோடுதான். சுவர் இருந்தால் அடித்து வரும் மரமும் செடியும் அதில் மாட்டிக்கொண்டு பாலத்தையே பெயர்த்துவிடும். ஆகவே தரைப்பாலம் மூழ்கினால் அது கெட்டுப்போய்விட்டது என்று பொருளல்ல. தண்ணீர் வடியும்வரை நீ இந்தக் கரையிலேயே இரு என்று அது சொல்கிறது. கட்டிய எஞ்சினியர் அந்த நிபந்தனையின் பேரில்தான் கட்டினார். நிபந்தனையை மறந்துவிட்டது நாம்.

சென்னையிலிருந்து பெரியபாளையம் வழியாகத் திருப்பதி போனவர்களுக்கு ஊத்துக்கோட்டை தெரியும். உயர்மட்டப் பாலம் கட்டுவதற்கு முன்பு அங்கே ஆரணி ஆற்றில் தரைப்பாலம்தான். ஆந்திராவில் பிச்சாட்டூர் ஏரியைத் திறந்தால் அது மூழ்கும். மழை ஓரிடத்தில், வெள்ளம் வேறிடத்தில்; இந்தப் பக்கம் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். 2015 மழைக்காலத்தில் எங்கள் குடும்பத்தோடு அந்த வழியாகத் திருச்சானூருக்குக் கிளம்பியிருந்தேன். வண்டியில் என் மாமா, மாமி, அவர்கள் பேத்தி, நான். பாலத்தின்மேல் பழுப்பு நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதிகம் போனால் முழங்காலுக்குக் கீழேதான். டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

“ஏம்ப்பா நிறுத்திட்டே? அதோ லாரி போகுதே!” என்றார் மாமா.

“லாரி போவும் சார். அது வெயிட்டு. நம்ம வண்டி மெதக்கும்.”

“மெதுவா ஓட்டேன். தரிசனத்துக்கு டயம் குடுத்திருக்கான். விட்டா அவ்வளவுதான்.”

“பெருமாள் எங்கயும் போயிட மாட்டாரு சார்” என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் வண்டியைத் திருப்பினார். திருவள்ளூர், திருத்தணி என்று சுற்றிக்கொண்டு போனோம். குறித்த நேரம் தவறியது. அன்றைக்குத் திருமலை தரிசனம் இல்லை. திருச்சானூரில் தாயாரை மட்டும் சேவித்துவிட்டு வந்தோம். மாமா வழி முழுவதும் முணுமுணுத்தார். ஊருக்கு வந்த பிறகும், “பயந்தாங்கொள்ளி டிரைவர்” என்று நாலு பேரிடம் சொன்னார்.

அந்த டிரைவர் சொன்னது பௌதிகம். அமெரிக்க வானிலைத் துறை இதையே அங்குலக் கணக்கில் சொல்கிறது. ஓடுகிற தண்ணீர் ஆறு அங்குலம் இருந்தால் வளர்ந்த ஆளையே கீழே தள்ளிவிடும். ஒரு அடி இருந்தால் பெரும்பாலான கார்களை நகர்த்திவிடும். இரண்டடி இருந்தால் பெரிய வண்டிகளையும் கொண்டுபோய்விடும். கார் கனமானது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் கதவு மூடிய கார் என்பது உள்ளே காற்றை அடைத்த ஒரு தகரப் பெட்டி. தண்ணீர் ஏற ஏற அது எடையை இழக்கிறது. சக்கரம் தரையை விட்டு எழும்பிய பிறகு ஸ்டியரிங்கும் பிரேக்கும் வெறும் அலங்காரம். போதாததற்கு, பழுப்புத் தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, நேற்று ராத்திரியே போய்விட்டதா என்பதை மேலே இருந்து சொல்ல எவராலும் முடியாது. இந்த நாட்டில் வெள்ளத்தில் மூழ்கிச் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தண்ணீருக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போனவர்கள். வீட்டுக்குள் வெள்ளம் வந்து செத்தவர்களைவிட, வெள்ளத்தைத் தேடிக்கொண்டு போனவர்கள் அதிகம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அதனால்தான், “திரும்பிப் போ, மூழ்காதே” என்ற பொருளில் சாலையோரம் எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். டெக்சாஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பலகைகள் நன்றாகத் தெரியும்.

பாலத்துக்கு மேலே மட்டும் அல்ல, கீழேயும் ஆபத்து இருக்கிறது. திருப்பதி நகரத்துக்குள்ளேயே அது நடந்தது. 2021 அக்டோபரில், நான் சொன்ன வெள்ளத்துக்கு ஒரு மாதம் முன்னால், கர்நாடகத்திலிருந்து தரிசனத்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் வண்டி, ராத்திரி மழையில் ரயில்வே பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீருக்குள் இறங்கி நின்றுவிட்டது. மற்றவர்களைக் காப்பாற்றினார்கள், ஒரு இளம்பெண் இறந்துபோனாள். ஆற்றில் அல்ல, காட்டில் அல்ல, ஊருக்கு நடுவில்! அதற்கும் ஒரு மாதம் முன்பு, செப்டம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் கார் மாட்டி ஒரு பெண் மருத்துவர் இறந்தார். ஆளில்லா ரயில்வே கேட்டுகளில் ரயில் மோதி ஏராளமானவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். அகலப் பாதையில் அவற்றை 2019 ஜனவரிக்குள் முற்றிலும் ஒழித்தது ரயில்வேயின் பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. பல இடங்களில் கேட்டுக்குப் பதிலாகத் தரையைத் தோண்டிச் சுரங்கப்பாதை போட்டார்கள். தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் என்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ரயிலைக் கண்டு பயந்த ஜனங்கள், பள்ளத்தைக் கண்டு பயப்படுவதில்லை.

பட்டியலில் வரும் பாம்பனை ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்வோம். 1914-இல் திறந்த அந்த ரயில் பாலத்தில் போனவர்கள், கதவருகே நின்று இரண்டு பக்கமும் கடலைப் பார்த்து உடம்பு சில்லிட்ட கதையை இன்றும் சொல்வார்கள். எல்லோருக்கும் பயம் இருந்ததால் அதற்குக் காவலும் இருந்தது. ரயில் ஊர்ந்துதான் போகும். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது. 1964 டிசம்பர் புயலில் அந்தப் பாலம் பலமாகச் சேதப்பட்டது உண்மை. ஸ்ரீதரன் என்ற எஞ்சினியர் 46 நாட்களில் சரிசெய்ததும் உண்மை. ஆனால் அன்று ராத்திரி பயணிகளோடு கடலுக்குள் போன ரயில் பாலத்தின்மேல் இருக்கவில்லை. தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால், கெட்டித் தரையில் நின்றுகொண்டிருந்தது. இப்போது பழைய பாலத்துக்கு ஓய்வு கொடுத்து, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய சாவு எங்கே நேர்ந்தது? அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றில். 1956 நவம்பர் 23 விடியற்காலை, மழைவெள்ளம் பாலத்தை அரித்திருப்பது தெரியாமல் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதன்மேல் வந்தது. 140-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த ராஜினாமாவை இன்றைக்கும் மேடைக்கு மேடை சொல்கிறோம். மருதையாறு என்ற பெயரை யாராவது சொல்கிறோமா? உலகப் பட்டியல் எதிலும் அது இல்லை. ஒரு சின்ன காட்டாறு. கோடையில் ஆடு மேயும்.

நான் சொல்வதற்கு எதிராக ஒரு கேள்வி எழும் என்று தெரியும். ஆடுகிற பாலம் கொல்லவே இல்லையா? குஜராத்தில் மோர்பி தொங்குபாலம் 2022 அக்டோபர் 30-ஆம் தேதி அறுந்து 135 பேர் இறந்தார்களே? உண்மைதான். அது பயத்தை விளையாட்டாக மாற்றிச் சீட்டு விற்ற பாலம். பழுது பார்த்ததாகச் சொல்லித் திறந்த நாலாம் நாள் அறுந்தது. பயத்தைக் காசாக்கும் இடத்தில் பயத்தால் வரும் கவனமும் போய்விடுகிறது என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். அதே குஜராத்தில் 2025 ஜூலையில் மஹிசாகர் ஆற்றில் கம்பீரா பாலம் நடுவே உடைந்து லாரிகளும் வேன்களும் ஆற்றுக்குள் விழுந்தன. அது தினமும் பால் வண்டியும் டெம்போவும் போகிற, பார்க்க ஒன்றுமே இல்லாத பாலம்.

இன்னொன்றும் உண்டு. தரைப்பாலத்தை எல்லாம் உயர்மட்டப் பாலமாக மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நம் ஊர் அரசியல்வாதிகள் சொல்வார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி நீரைத் தென்பெண்ணையில் திறந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைக்க 16 கோடி ரூபாயில் கட்டித் திறந்து மூன்று மாதமே ஆகியிருந்த உயர்மட்டப் பாலம் அடித்துக்கொண்டு போயிற்று. உயரம் மட்டும் காப்பாற்றாது. எவ்வளவு நீர் வரும் என்று எதிர்பார்த்துக் கட்டினார்கள் என்பதுதான் கேள்வி. இப்போது பெய்கிற மழை, தாத்தா காலத்து மழைக் கணக்குக்குள் அடங்குவதில்லை.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். அரசாங்கத்தின் வேலை அரசாங்கத்துக்கு. வெளிநாட்டில் இருக்கும் நமக்கென்று ஒரு பங்கு இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன், அதுவும் கொஞ்சம் சங்கடமான பங்கு. நாம் ஊருக்குப் போவது எப்போது? தாங்க்ஸ்கிவிங் விடுமுறையை ஒட்டி, அல்லது டிசம்பர் பள்ளி விடுமுறையில். வடகிழக்குப் பருவமழைக்கும் அதே காலம்தான். திருச்சானூரில் தாயாருக்குப் பிரம்மோற்சவம் நடப்பது கார்த்திகையில். பஞ்சமி தீர்த்தத்துக்கு ஜனக்கூட்டம் சேர்வதும் அப்போதுதான். நமக்குக் கையில் இருப்பது மூன்று வாரம். அதற்குள் இரண்டு கல்யாணம், ஒரு சஷ்டியப்தபூர்த்தி, குலதெய்வம், திருப்பதி. எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கு. தரிசனச் சீட்டை மாதக்கணக்கில் முன்பே வாங்கியிருப்போம். இத்தனை அவசரத்தையும் மூட்டை கட்டி ஒரு வாடகை டாக்சியில் ஏற்றி, அந்த டிரைவர் தலையில் வைக்கிறோம்.

அவருடைய நிலையை யோசித்துப் பாருங்கள். திரும்பிவிட்டால் அன்றைய வாடகை கிடைக்குமா என்று அவருக்குத் தெரியாது. பின்சீட்டில் இருப்பது வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய மனிதர்கள். அவர்கள், “போகலாம், போகலாம்” என்றால் மறுத்துப் பேச எத்தனை பேருக்குத் துணிவு வரும்? ஊத்துக்கோட்டையில் எங்களைத் திருப்பி அழைத்துவந்தவரைப் போன்றவர்கள் குறைவு. அப்படிப்பட்டவர்களைப் பயந்தாங்கொள்ளி என்று நாம் பட்டம் கட்டினால் அடுத்த முறை அவர்களும் திரும்ப மாட்டார்கள். ஆகவே நவம்பர், டிசம்பரில் ஊரில் வண்டி எடுக்கிறவர்களுக்கு என் யோசனை இது: கிளம்புவதற்கு முன்பே, வீட்டு வாசலில் நிற்கும்போதே, டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். “சாலையில் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடலாம், வாடகையும் பேட்டாவும் முழுசாகத் தருகிறோம், ராத்திரி தங்க வேண்டி வந்தால் அதற்கும் தருகிறோம்.” வீட்டுப் பெரியவர் வாயால், எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். பின்னால் பாலத்தருகே நின்றுகொண்டு வாதாட வேண்டிய அவசியம் இராது. ஆகிற செலவு இங்கே ஒரு குடும்பம் வெளியே ஒருவேளை சாப்பிடுகிற பணம்.

இன்னொரு யோசனை, சற்றுப் பெரியது. நம் சங்கமும் இதுபோன்ற மற்றச் சங்கங்களும் ஊருக்குப் பணம் அனுப்புகிறோம். கோபுரத் திருப்பணி, பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர், கண் சிகிச்சை முகாம் எல்லாமே நல்ல காரியங்கள்தான். தரைப்பாலத்தின் இரண்டு முனையிலும் அடி, அரையடி என்று வெள்ளை கறுப்பு வர்ணம் அடித்த ஓர் அளவுக் கம்பம் நட எவ்வளவு ஆகும்? அரை அடிக்கு மேல் சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், ராத்திரியில் வெளிச்சம் பட்டால் வண்டிக்காரருக்கும் தெரிகிற மாதிரி ஒளிரும் வர்ணம். கூடவே ஒரு இரும்புத் தடுப்புக் கம்பி, பூட்டுச் சாவி, அதைப் பூட்ட அந்த ஊர்க்காரர் ஒருவர். நெடுஞ்சாலைத் துறையிடமோ ஊராட்சியிடமோ அனுமதி வாங்க வேண்டும்; அலைய வேண்டியிருக்கும்; யார் பெயரைக் கல்வெட்டில் போடுவது என்று சண்டைகூட வரும். கோபுரத்துக்குப் பட்ட பாட்டைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

சங்கத்தின் செயற்குழுவில் இதைப் பேசுவதற்கு முதலில் ஒரு கணக்கு வேண்டும். வாசகர்கள் ஒவ்வொருவரும் தம் சொந்த ஊருக்கோ, குலதெய்வக் கோயிலுக்கோ போகும் வழியில் உள்ள தரைப்பாலம், ரயில்வே சுரங்கப்பாதை எது என்பதை எழுதி அனுப்ப வேண்டுகிறேன். ஆற்றின் பெயர், இரண்டு பக்கத்து ஊர்ப் பெயர், எந்த மாதத்தில் தண்ணீர் ஏறும், எந்த ஏரி அல்லது அணை திறந்தால் மூழ்கும், சுற்றிப் போக வேறு வழி எது, அதற்கு எவ்வளவு நேரம் கூடுதலாகும் என்ற விவரங்கள் போதும். உங்களுக்குத் தெரியாவிட்டால் ஊரில் இருக்கும் பெரியப்பாவையோ அத்தையையோ ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது கேளுங்கள். அவர்களுக்கு வருடம், தேதியோடு தெரிந்திருக்கும். ஊத்துக்கோட்டையை நான் எழுதிவிட்டேன், அங்கே இப்போது உயர்மட்டப் பாலம் வந்துவிட்டது. மற்றதை நீங்கள் எழுதுங்கள். அக்டோபருக்கு முன்னால் வந்து சேர்ந்தால், இந்த வருடம் ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பலாம்.